சலித்துப் போட்ட பெட்டியில் என்ன மிஞ்சியிருக்கும்?

கேள்வி இதுதான். அமெரிக்காவில் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட் சேல், அதாவது வீட்டைக் காலி செய்யச் சாமான்களை விற்பது. நீள நீளமான மூன்று அட்டைப் பெட்டிகளில் ஐயாயிரத்துச் சொச்சம் ஸ்போர்ட்ஸ் கார்டுகள் (ஆட்டக்காரர்களின் படம் போட்ட, சேர்த்து வைக்கிற அட்டைகள்). பேஸ்பால்தான் அதிகம், கொஞ்சம் பாஸ்கெட்பால், கொஞ்சம் ஹாக்கி. மொத்தமாக 40 டாலர். “எனக்கு பேஸ்பாலில் அரிச்சுவடிகூடத் தெரியாது. வாங்கலாமா? வாங்கினால் அதில் தேறுவது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?”

பெரும்பாலான பெட்டிகளில் எதுவும் தேறாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல வருஷமாக இப்படிப் பெட்டி வாங்குகிறேன். பத்தில் ஏழெட்டுப் பெட்டிகளில் போட்ட காசை எடுத்தாலே பெரிய விஷயம். மீதி இரண்டு மூன்றுக்காகத்தான் இந்தப் பைத்தியம். ஆனால் அந்த இரண்டு மூன்றை அடையாளம் காண பேஸ்பால் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

பழைய பெட்டி எதுவும் நம் கைக்கு நேராக வருவதில்லை. சேர்த்தவர் ஒருமுறை பொறுக்கியிருப்பார், அவருடைய தம்பி ஒருமுறை, வீட்டைக் காலி செய்ய வந்தவர் ஒருமுறை. அவர்கள் சலித்து எடுத்ததுபோக மிஞ்சிய கப்பியைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். அதனால் உள்ளே எந்தப் பெரிய ஆட்டக்காரர் இருக்கிறார் என்று தேடுவதில் பயனில்லை. அவரை எப்போதோ எடுத்துப் போயிருப்பார்கள். எனக்கு முன்னால் சலித்தவர் எந்தக் காலத்து ஆள், அவர் கண்ணுக்கு எது பட்டிருக்காது? இதைத்தான் கேட்க வேண்டும்.

முதல் வேலை வருஷம் பார்ப்பது. கார்டின் பின்பக்கம், கீழே பொடி எழுத்தில் காப்புரிமை வருஷம் இருக்கும். பழையவற்றில் அது இல்லாவிட்டால், புள்ளிவிவரப் பட்டியலின் கடைசி வருஷத்தோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். அநேகமாகச் சரியாக வரும். ஒவ்வொரு பெட்டியிலும் நாலைந்து இடத்தில் உருவிப் பார்த்தாலே போதும். 1987-க்கும் 1993-க்கும் நடுவில் என்றே திரும்பத் திரும்ப வந்தால், பெருமூச்சு விட்டுவிட்டு மேலே போகலாம். அந்தக் காலத்துக்கு இந்த வட்டாரத்தில் ‘ஜங்க் வேக்ஸ்’ என்றே பெயர். அப்போது கார்டு பாக்கெட்டுகள் மெழுகுத் தாளில் சுற்றி வரும், அதனால் வேக்ஸ்.

அது ஏன் குப்பையானது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். 1950-களின் கார்டுகளுக்கு விலை வந்ததற்குக் காரணம், யாரும் அவற்றைப் பத்திரப்படுத்தவில்லை. பையன்கள் சைக்கிள் சக்கரத்தில் செருகிச் சடசடக்க விட்டார்கள். அம்மாக்கள் அள்ளிக் குப்பையில் போட்டார்கள். கார்டுகளை அச்சடித்த டாப்ஸ் கம்பெனியே போட்டது. அவர்களுடைய 1952-ஆம் வருஷத் தொகுப்பின் கடைசிப் பகுதி விற்காமல் கிடங்கில் கிடந்தது. 1960-இல் அதைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டு வந்ததாக, அந்தத் தொகுப்பை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். அந்தப் பகுதியில்தான் பேஸ்பால் நட்சத்திரம் மிக்கி மேன்டிலின் 311-ஆம் எண் கார்டு இருந்தது. 2022-இல் அதன் ஒரு பிரதி 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இப்படிப் பழைய கார்டுகள் விலையேறுவது 1980-களில் பத்திரிகைச் செய்தியானதும், ஊரே கார்டு வாங்கிப் பரணில் அடுக்க ஆரம்பித்தது. டாப்ஸ், ஃப்ளீர், டான்ரஸ் என்று மூன்று கம்பெனி இருந்த இடத்தில் 1988-இல் ஸ்கோர், 1989-இல் அப்பர் டெக் சேர்ந்துகொண்டன. எல்லோரும் அச்சடித்துத் தள்ளினார்கள், எல்லோரும் பத்திரப்படுத்தினார்கள். யாரும் தூக்கிப் போடாத பொருளுக்கு எங்கிருந்து விலை வரும்? அந்தக் காலத்தின் மிகப் பெரிய அடையாளமான 1989 அப்பர் டெக் கென் கிரிஃபி ஜூனியர் ரூக்கி (ஆட்டக்காரரின் அறிமுகக் காலக்) கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். பி.எஸ்.ஏ. என்ற தரமிடும் நிறுவனம் அதற்கு உச்ச மதிப்பெண்ணான 10 கொடுத்த பிரதிகள் மட்டுமே 4,000-க்கு மேல் இருக்கின்றன.

இதற்கு அடுத்த ஐந்தாறு வருஷம் நேர் எதிர். 1994 ஆகஸ்டில் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த வருஷம் வேர்ல்டு சீரிஸ் என்ற இறுதிப் போட்டியே நடக்கவில்லை. வெறுத்துப்போன கூட்டம் கார்டையும் விட்டுவிட்டது. இருக்கிற கொஞ்சப் பேரைப் பிடித்து வைக்க, கம்பெனிகள் குறைந்த எண்ணிக்கையில் பளபளப்பான சிறப்புக் கார்டுகளைப் பாக்கெட்டுக்குள் ஒளித்து வைக்கத் தொடங்கின. ஆக 1996 முதல் 2000 வரையான கார்டுகள் நிறைந்த பெட்டியைப் பார்த்தால் நான் விலை பேசாமல்கூட வாங்கிவிடுவேன். அவற்றை விட்டுச் சென்றவர்களில் பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது. உதாரணத்துக்கு, 1997-98 மெட்டல் யுனிவர்ஸ் பாஸ்கெட்பால் தொகுப்பில் ‘பிரெஷியஸ் மெட்டல் ஜெம்ஸ்’ என்று ஒரு வகை உண்டு. ஓர் ஆட்டக்காரருக்கு 100 பிரதிதான்: முதல் 10 பச்சை, மீதி 90 சிவப்பு. பின்பக்கம் எண் போட்டிருப்பார்கள். ஆட்டக்காரர் யாராக இருந்தாலும் அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் அடுத்த கார்டைத் தொட வேண்டும்.

சரி, பெட்டி ஏற்கெனவே சலிக்கப்பட்டதா என்று எப்படித் தெரியும்? எண்தான் காட்டிக்கொடுக்கும். நிறையப் பேர் கார்டுகளை எண் வரிசையில் அடுக்கி வைப்பார்கள். 1985 டாப்ஸ் வரிசை கிடைத்தால் பெரிய ஆட்டக்காரர்களின் மூன்று எண்களைத் தேடுங்கள்: 181 ரோஜர் கிளெமென்ஸ், 401 மார்க் மெக்வயர், 536 கர்பி பக்கெட். 180 இருக்கிறது, 182 இருக்கிறது, 181 மட்டும் இல்லை என்றால், விஷயம் தெரிந்த கை ஒன்று உள்ளே போய் வந்திருக்கிறது. 1989 அப்பர் டெக் என்றால் கிரிஃபியின் எண் 1. அது இல்லாமல் 2-லிருந்து வரிசை அழகாகத் தொடங்கினால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். மாறாக இந்த எண்களெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தால், அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை. அந்தக் கார்டுகளுக்கே பெரிய விலை கிடைக்காவிட்டாலும், மற்றதும் அப்படியே இருக்கும் என்பதற்கு அவை சாட்சி.

சலித்த பெட்டி என்றால் விட்டுவிட வேண்டும் என்றில்லை. சலித்தவர் எந்த வருஷத்தில் சலித்தார் என்பதில்தான் காசு இருக்கிறது. ஒருமுறை அமெரிக்க ஃபுட்பால் கார்டுகள் அடங்கிய ஷூ பெட்டி ஒன்றை 15 டாலருக்கு வாங்கினேன். எல்லாம் 2000-ஆம் வருஷத்தவை. உரிமையாளர் பொறுப்பானவர், நல்ல கார்டுகளை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு முன்னால் அடுக்கியிருந்தார். பீட்டர் வாரிக், ரான் டெய்ன் என்று அந்த வருஷம் முதல் சுற்றிலேயே அணிகளால் எடுக்கப்பட்ட புதுமுகங்கள். இன்று அவர்கள் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்கு ஞாபகம் வராது. உறை இல்லாத கார்டுகளைப் பின்னால் ஒரு ரப்பர் பேண்டில் கட்டிப் போட்டிருந்தார். அந்தக் கட்டின் நடுவில் போமன் தொகுப்பின் 236-ஆம் எண், பின்னால் ஃபுட்பாலின் மிகப் பெரிய நட்சத்திரமான டாம் பிரேடி. 2000-ஆம் வருஷ டிராஃப்டில் (அணிகள் புதுமுகங்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) 199-ஆவதாக எடுக்கப்பட்ட ஆளுக்கு யார் உறை போடுவார்கள்? ரப்பர் பேண்ட் அழுத்தி மேலும் கீழும் இருந்த இரண்டு கார்டுகளின் ஓரத்தில் பள்ளம் விழுந்திருந்தது. நடுவில் இருந்ததால் பிரேடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்து உறையில் இருப்பதைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். அது சேர்த்தவரின் அன்றைய நம்பிக்கை. அதை அவரும் பார்த்தார், அவருக்குப் பின்னால் வந்த எல்லோரும் பார்த்தார்கள். உறையில்லாமல் கிடக்கும் கட்டுதான் என் கட்டு. பாஸ்கெட்பாலில் நிகோலா யோகிச்சும் இதே கதைதான். 2014-இல் 41-ஆவதாக எடுக்கப்பட்டவர், 2015-16-இல்தான் ஆட வந்தார். பின்னால் மூன்று முறை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். 2015-16 கார்டுகளைச் சேர்த்துவிட்டு 2017-இல் ஆர்வம் போய்விட்டவருடைய பெட்டியில் அவர் சாதாரணக் கார்டாகத்தான் கிடப்பார். பேஸ்பாலில் இதே மாதிரி தேட வேண்டியது 2011 டாப்ஸ் அப்டேட் தொகுப்பில் மைக் டிரவுட், எண் யு.எஸ்.175. ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன்: பெட்டியில் எந்த வருஷம் அதிகமோ, அந்த வருஷம் அறிமுகமாகிப் பின்னால் பெரிய ஆளானவர்களின் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பத்துப் பெயருக்கு மேல் வராது. 2006-க்குப் பிறகான பேஸ்பால் கார்டுகளில் ரூக்கி என்பதற்கு ‘ஆர்.சி.’ என்ற சின்னமே அச்சாகியிருக்கும், அது இன்னும் எளிது.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. ஐயாயிரம் கார்டையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பவர்கள் ஆயிரமாவது கார்டிலேயே களைத்துப்போவார்கள்; அதன் பிறகு கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. நான் முதலில் எதையும் எடுப்பதில்லை. பெட்டியை ஜன்னலோரம் வைத்து, கார்டுகளின் மேல் விளிம்பை மட்டும் பார்ப்பேன். டாப்ஸ் 1991 வரை சாம்பலும் பழுப்புமான மட்ட அட்டையில்தான் அச்சடித்தது, வெள்ளை அட்டைக்கு மாறியது 1992-இல். ஆகவே 1987 டாப்ஸ் வரிசை ஒன்றை மேலிருந்து பார்த்தால் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை மாதிரி ஒரே மங்கலாக இருக்கும். அதற்கு நடுவில் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் நிறுத்துங்கள். அது வேறு கம்பெனிக் கார்டு வழிதவறி வந்ததாக இருக்கலாம். இல்லையென்றால் ‘டிஃப்பனி’. 1984 முதல் 1991 வரை டாப்ஸ் அதே படத்தை வெள்ளை அட்டையில், மினுமினுப்புப் பூச்சோடு, குறைந்த எண்ணிக்கையில் தனித் தொகுப்பாக விற்றது. முன்பக்கம் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பின்பக்கமும் விளிம்பும்தான் வித்தியாசம் சொல்லும். சலித்தவர்கள் முன்பக்கத்தைப் பார்த்தே புரட்டியிருப்பார்கள் என்பதால் இது தப்பிவிடும்.

விளிம்பில் இன்னும் சில தெரியும். வரிசையில் ஒரு கார்டு மட்டும் கொஞ்சம் உள்வாங்கி இருந்தால் அளவு சின்னது என்று பொருள். 1975-இல் டாப்ஸ் சில பகுதிகளில் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு சிறிதாக்கிய ‘மினி’ கார்டுகளை விற்றுப் பார்த்தது. ஜார்ஜ் பிரெட், ராபின் யவுண்ட் இருவரின் ரூக்கி கார்டும் அந்த வருஷம்தான். தடிமனான விளிம்பு என்றால் ஜெர்சித் துணி ஒட்டிய கார்டாக இருக்கலாம். வானவில் மினுக்கு தெரிந்தால் ‘ரிஃப்ராக்டர்’ வகையாக இருக்கலாம். பின்னாள் ரிஃப்ராக்டர்கள் பலவற்றில் பின்பக்கம் எண்ணுக்குக் கீழே அந்தச் சொல் பொடியாக அச்சிட்டிருக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் மூத்ததான 1993 டாப்ஸ் ஃபைனஸ்ட் பேஸ்பால் ரிஃப்ராக்டரில் அப்படி எதுவும் எழுதியிருக்காது. விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொன்றும் 241 பிரதி வாக்கில் அச்சானதாகக் கணக்கிடுகிறார்கள். முப்பது வருஷமாக அவை சாதாரண ஃபைனஸ்ட் கார்டுகளோடு கலந்தே கிடக்கின்றன.

இரண்டாவது சுற்றில் பெட்டியைத் திருப்பி, பின்பக்கம் பார்த்தபடி புரட்டுவேன். ஹாக்கிக் கார்டில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் இருந்தால் அது கனடாவின் ஓ-பீ-சீ. முன்பக்கம் டாப்ஸ் மாதிரியே இருக்கும். ஹாக்கி நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கியின் 1979-80 ரூக்கி, எண் 18, இரண்டு கம்பெனியிலும் வந்தது, ஆனால் ஓ-பீ-சீக்குத்தான் மவுசு. 2024-இல் கனடாவின் ரெஜைனா நகரில் ஒரு வீட்டிலிருந்து திறக்கப்படாத 1979-80 ஓ-பீ-சீ பெட்டிகள் 16 கிடைத்து, 37 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயின. அண்மைக் கால டாப்ஸ் கார்டுகளில் பின்பக்கம் அடியில் ‘சி.எம்.பி.’ என்று தொடங்கும் குறியீடு இருக்கும். அதே எண்ணுள்ள இரண்டு கார்டுகளில் அதன் கடைசி இலக்கங்கள் மாறியிருந்தால், ஒன்று குறைவாக அச்சான மாற்றுப் படம். இதைப் பத்து வயதுப் பையன்கள் நம்மைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள்.

பின்பக்கத்தின் மகிமைக்கு இதைவிடப் பழைய சாட்சியும் உண்டு. 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டோடு வந்த ‘டி206’ கார்டுகளில் ஒரே படத்துக்குப் பின்னால் வெவ்வேறு புகையிலை விளம்பரங்கள். பீட்மான்ட், ஸ்வீட் கேபரல் என்றால் சாதாரணம். டை காப் என்ற ஆட்டக்காரரின் படத்துக்குப் பின்னால் அவர் பெயரிலேயே விற்ற புகையிலையின் விளம்பரம் இருந்தால், உலகத்தில் மிக அரியவற்றில் ஒன்று. 2016-இல் ஒரு பாழடைந்த வீட்டைக் காலி செய்தபோது, தரையில் கிடந்த கசங்கிய காகிதப் பை ஒன்றைக் குப்பைக்குப் போவதற்கு முன் யாரோ குனிந்து பார்த்தார்கள். உள்ளே அப்படிப்பட்டவை ஏழு இருந்தன.

அச்சுப் பிழைகளைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். நூற்றில் தொண்ணூற்றொன்பது பிழைக்கு மதிப்பே இல்லை. காரணம், பிழையைத் திருத்தாமல் முழுவதையும் அச்சடித்திருப்பார்கள். பாதியில் திருத்தியிருந்தால்தான் பிழையுள்ளது அரிதாகும். 1989 ஃப்ளீர் பில்லி ரிப்கன், எண் 616: அவர் பிடித்திருக்கும் மட்டையின் அடிக்குமிழில் ஒரு கெட்ட வார்த்தை தெளிவாகத் தெரியும். கம்பெனி பதறிப்போய்க் கறுப்புக் கட்டம் போட்டது, கிறுக்கி மறைத்தது, வெள்ளை பூசியது. இப்படிப் பல வடிவம். அதே தொகுப்பில் 381-ஆம் எண், ராண்டி ஜான்சன் ரூக்கி. அவர் தோளுக்குப் பின்னால் ஸ்கோர்போர்டில் மார்ல்பரோ சிகரெட் விளம்பரம் தெரிகிறதா, மறைத்திருக்கிறதா என்று பாருங்கள். தெளிவாகத் தெரிந்தால் நல்லது. ஆனால் ஜங்க் வேக்ஸ் காலத்தின் உண்மையான புதையல் 1990 டாப்ஸ் ஃபிராங்க் தாமஸ், எண் 414. அச்சில் கறுப்பு மை ஓர் இடத்தில் விழாமல் போனதால், முன்பக்கம் கீழே பெயர் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருக்கும். நல்ல நிலையில் கிடைத்தால் ஆயிரக்கணக்கான டாலர். நான் சலித்த 1990 டாப்ஸ் கார்டுகளை அடுக்கினால் என் இடுப்பு உயரம் வரும்; இதுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1991 டாப்ஸில் வலது மேல் மூலையில் பனைமரம் பொறித்த தங்க நிறக் கேடயச் சின்னம் இருந்தால் அது ‘டெசர்ட் ஷீல்டு’, வளைகுடாப் போர் சமயத்தில் அங்கிருந்த அமெரிக்கப் படையினருக்கு அனுப்பியது. சாதாரணக் கார்டில் அந்தச் சின்னத்தைத் தாங்களே ஒட்டி விற்பவர்களும் உண்டு, உஷார்.

போலி பற்றிச் சொல்ல வந்ததால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் 1986-87 ஃப்ளீர் மைக்கேல் ஜோர்டன், எண் 57, கிடைத்தால் கை நடுங்கும். நடுங்கட்டும், ஆனால் முதலில் அதன் கூட்டாளிகளைத் தேடுங்கள். அந்தத் தொகுப்பில் 132 கார்டுகள். பாக்கெட் வாங்கிப் பிரித்தவரிடம் மற்ற ஆட்டக்காரர்களும் நாலைந்தாவது இருக்க வேண்டும். 1990-ஆம் வருஷப் பேஸ்பால் குப்பைக்கு நடுவில் ஜோர்டன் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தால், பெரும்பாலும் போலி, அல்லது மறு அச்சு. அதே தொகுப்பின் சாதாரணக் கார்டு ஒன்றைச் சில்லறை விலையில் வாங்கி வைத்துக்கொண்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். அசலில் எழுத்துகளும் கோடுகளும் திட்டமான மையில் கூர்மையாக இருக்கும். படம் பிடித்து அச்சடித்த போலியில் எழுத்தும் புள்ளி புள்ளியாகச் சிதறியிருக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது என்று சொல்லப்படும் கார்டுக்குப் புற ஊதா விளக்கு போதும். காகிதத்தை வெளுப்பாக்கும் ரசாயனம் போருக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்தது. நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் அந்த அட்டை அவ்வளவு பழையதல்ல.

பெட்டியில் வழக்கமான கம்பெனிகளின் விளையாட்டுக் கார்டு அல்லாதவற்றையும் தள்ளிவிடாதீர்கள். விளையாட்டுக் கார்டு வாங்குபவர்கள் போக்கிமான், மேஜிக், கார்பேஜ் பெயில் கிட்ஸ் போன்றவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடியில் போட்டுவிடுவார்கள். சிறு ஊர் அணிகள் காவல்துறையோடு சேர்ந்து இலவசமாகக் கொடுத்த கார்டுகளும் அப்படித்தான். பின்னால் பெரிய ஆளான கால் ரிப்கன் ஜூனியர், 1980-இல் சார்லட் ஓ’ஸ் என்ற சின்ன லீக் அணியில் இருந்தபோது வந்த கார்டு, அவருடைய டாப்ஸ் ரூக்கியைவிட அரியது.

நிலைமை விஷயத்தில் இரக்கமே காட்டாதீர்கள். நாலு மூலையும் கூர்மையா, வெள்ளை ஓரம் நாலு பக்கமும் ஏறத்தாழச் சமமா, சாய்த்துப் பார்த்தால் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். மூலை மழுங்கிய 1990-ஆம் வருஷக் கார்டுக்கு மதிப்பு இல்லவே இல்லை. மூலை மழுங்கிய 1955-ஆம் வருஷக் கார்டுக்கு உண்டு. 1990-களின் பளபளப்புக் கார்டுகள் ஈரப்பதத்தில் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகியிருக்கும். பிய்த்தால் இரண்டும் போகும். ஃபைனஸ்ட் கார்டுகளில் மேலே மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒன்று இருக்கும், உரிக்கச் சொல்லி அதிலேயே எழுதியிருக்கும். உரிக்காதீர்கள். எதையும் துடைக்கவும் வேண்டாம், ஓரம் வெட்டவே வேண்டாம். டி206 தொகுப்பில் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் கார்டுகளிலேயே மிகப் புகழ்பெற்ற பிரதி, பி.எஸ்.ஏ. தரமிட்ட முதல் கார்டு, ஓரம் வெட்டப்பட்டது என்பதை அதை விற்ற பில் மாஸ்ட்ரோ 2013-இல் ஒப்புக்கொண்டார். அந்தக் கார்டு தப்பித்துக்கொண்டது, உங்களுடையது தப்பிக்காது.

விலை பார்க்க ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி உண்டு. கேட்கும் விலையைப் பார்த்துக் கனவு காணாதீர்கள். பில்லி ரிப்கன் கார்டுக்குப் பத்தாயிரம் டாலர் கேட்பவர்கள் பத்து வருஷமாக அங்கேதான் இருக்கிறார்கள். விற்கும்போது தளத்தின் பங்கு ஏறத்தாழ 13 சதவீதம் போகும், அப்புறம் உறை, தபால். இரண்டு மூன்று டாலர் கார்டைத் தனியாக விற்பது நேரத்துக்குப் பிடித்த கேடு. நான் அவற்றை ஆட்டக்காரர் வாரியாகவோ அணி வாரியாகவோ கட்டி, இருபது முப்பதாகச் சேர்த்து விற்றுவிடுகிறேன். தரமிடும் நிறுவனத்துக்கு அனுப்புவதும் அப்படித்தான்: 9 மதிப்பெண் வந்தாலும் கட்டணத்தை எடுத்துவிடும் கார்டை மட்டுமே அனுப்புவேன். 10 வந்தால்தான் லாபம் என்கிற கார்டு லாட்டரிச் சீட்டு.

ஒரு விஷயத்தில் நான் நன்றாக ஏமாந்திருக்கிறேன். “யாரும் தொடாத பெட்டி, தாத்தாவின் பரணிலிருந்து” என்று படம் போட்டு ஒருவர் இணையத்தில் விற்றார். படத்தில் 1950-களின் கார்டு இரண்டு மேலே தெரிந்தது. 180 டாலர் கொடுத்தேன். வந்தது: அந்த இரண்டு கார்டும் ஓரம் கிழிந்து, கீழே முழுக்க 1990 டான்ரஸ், எண் வரிசை கலைத்து அடுக்கியது. வரிசை கலைந்திருந்தால் எந்த எண் இல்லை என்று தெரியாதல்லவா, அதற்காகத்தான். அதே விற்பனையாளரின் மற்ற விளம்பரங்களைப் பிறகு பார்த்தேன். தாத்தாவுக்கு நாற்பது பரண் இருந்தது. கார்டு வியாபாரியிடம் இருக்கும் தொடாத பெட்டியை நம்பாதீர்கள். தொடுவதுதான் அவர் வேலை. கார்டைப் பற்றி எதுவும் தெரியாத, வீட்டைக் காலி செய்யும் குடும்பத்திடம் வாங்குவதுதான் நல்லது. பாத்திரமும் சோபாவும் விற்கும் இடத்தில் ஓரமாகக் கிடக்கிற பெட்டி.

உங்களுடையது அப்படிப்பட்ட இடம்தான் என்று தெரிகிறது. 40 டாலர் என்றால் கார்டுக்கு ஒரு சென்ட்கூட ஆகவில்லை. ஆனால் வாங்குவதற்கு முன் பத்து நிமிஷம் அங்கேயே செலவிடுங்கள். யாருடைய கார்டுகள், எப்போது நிறுத்தினார் என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். “மகன் காலேஜுக்குப் போனதும் விட்டுவிட்டான்” என்று வருஷத்தோடு சொல்வார்கள். பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் நாலு இடத்தில் வருஷம் பாருங்கள். மூன்றும் 1988 முதல் 1992 வரை என்றால், எண் வரிசையும் கலைந்திருந்தால், 40-க்கு வேண்டாம், 15 என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பெட்டியிலாவது 1980-க்கு முந்தையதோ, 1996-க்குப் பிந்தையதோ கலந்திருந்தால் பேரம் பேசாமல் மூன்றையும் தூக்கிக்கொள்ளுங்கள். ஹாக்கிக் கார்டுகள் இருப்பதாகச் சொன்னீர்களே, அவற்றின் பின்பக்கத்தில் பிரெஞ்சு இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். பெட்டி கனமாக இருக்கும், அடி அட்டை இற்றிருக்கும். கீழே கை கொடுத்துத் தூக்குங்கள்.